மிஸி என்று யாரைக் கூப்பிடுகிறோம்?

மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்காக நின்றபோது ஒரு அம்மா என்னை அடையாளம் கண்டு கிட்ட வந்தார். எப்போதோ அவருடைய மனுசனுக்கு நான் காயம் கட்டியிருக்கிறேனாம். எனக்கு ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பதுபோலத் தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற மகளை முன்னுக்குத் தள்ளிவிட்டு, "மிஸி, இவவும் இப்ப நேர்ஸ்தான்" என்றார். முகம் முழுக்கச் சந்தோசம்.

பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். எங்கே படித்தாய் என்று கேட்டேன். ஆறு மாதக் கோர்ஸ் ஒன்றைச் சொன்னாள். இப்போது ஒரு தனியார் கிளினிக்கில் நிற்கிறாளாம். வெள்ளை உடுப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஊசி போடுகிறாள், சேலைன் ஏற்றுகிறாள்.

"ஊசி போட ஆர் பிள்ளை பழக்கினது?"

"அங்க முதல் நிண்ட அக்கா, மிஸி."

"அந்த அக்கா எங்க படிச்சவ?"

பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

ஒட்டுசுட்டான் வரைக்கும் அந்தப் பிள்ளையின் முகம்தான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள்மேல் கோபம் இல்லை. வீட்டுக்கு உழைத்துக் கொடுக்க வந்த பிள்ளை. ஆனால் அவளுக்கு ஒருவர் வெள்ளை உடுப்பை மாட்டிவிட்டு, கையில் சிரிஞ்சைக் கொடுத்து, ஊரவர் 'மிஸி' என்று கூப்பிட வைத்திருக்கிறார். அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு வாட்டுக்குள் நிற்பது என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாருமில்லை. எனக்கே அது இரண்டு வருடச் சேவைக்குப் பிறகுதான் விளங்கியது. விளக்கியது ஒரு டொக்டரும் அல்ல, மேற்றனும் அல்ல. நிலம் கழுவ வரும் ஓர் அக்கா.

எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். பிழை என்னுடையது. தொண்ணூறுகளின் தொடக்கம். கரண்ட் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்ததால் டோர்ச்சும் இல்லை. இரவு வேலையில் பாரிசவாதத்தால் ஒரு பக்கம் விழுந்துபோன வயோதிபர் ஒருவர் இருந்தார். வாட்டில் சிற்றூழியராக நின்றவரை நாங்கள் எல்லோரும் பெரியக்கா என்போம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். அவர் வந்து, "மிஸி, ஐயாவின்ர குதிக்காலை ஒருக்காப் பாருங்கோ, கறுத்துச் சூடாக் கிடக்கு" என்றார். அரிக்கன் லாம்பைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். படுக்கைப் புண் தொடங்கும்போது தோல் சிவக்கும் என்று எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். சிவப்பு எதுவும் தெரியவில்லை. "ஒண்டுமில்லை அக்கா" என்று சொல்லிவிட்டு, தோல் நல்ல நிலையில் இருக்கிறது என்று ரிக்கற்றில் எழுதிக் கையொப்பமும் வைத்தேன்.

நான்காம் நாள் குதிக்காலில் கொப்புளம். பிறகு அது உடைந்தது. அந்த ஐயாவுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் காயம் கட்டினேன். கட்டும்போதெல்லாம் பெரியக்கா பக்கத்தில் நின்று காலைத் தூக்கிப் பிடித்தார். ஒருநாள்கூட "நான் அண்டைக்கே சொன்னனான்" என்று அவர் சொன்னதில்லை.

வெள்ளைக்காரத் தோலைப் பார்த்து எழுதிய புத்தகத்தை மனனம் செய்துவிட்டு வந்த எனக்கு, எங்கள் நிறத்துத் தோலில் அந்தச் சிவப்புத் தெரியாது என்பது தெரியவில்லை. எங்கள் தோல் கறுக்கும், சுடும், தொட்டுப் பார்த்தால் சுற்றியுள்ள தசையைவிட இறுக்கமாகவோ கொழகொழவென்றோ இருக்கும். பெரியக்காவுக்கு அது தெரிந்ததற்கு ஒரே காரணம், தினமும் அந்தக் காலைத் துடைத்தது அவருடைய கை. ஆனால் அவர் கண்டதை எழுத ரிக்கற்றில் அவருக்கு இடமில்லை. எழுதும் பொறுப்பில் இருந்த நான் காணவில்லை.

தாதிக்கும் சிற்றூழியருக்கும், தாதிக்கும் பராமரிப்பாளருக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் குதிக்காலைத்தான் காட்டுவேன். ஊசி போடுபவர் நேர்ஸ், பெட்பான் எடுப்பவர் அட்டென்டன் என்று ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது. அது பிழையான கணக்கு. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட ஒரு பெடியன் வீட்டில் தனக்குத் தானே கத்தீற்றர் போட்டுச் சலம் எடுக்கிறான். அதனால் அவன் தாதி ஆகிவிடுவதில்லை. நீரிழிவுக்காரப் பாட்டி தன் வயிற்றில் தானே இன்சுலின் குத்துகிறா. நான் எத்தனையோ பேருக்குப் பெட்பான் வைத்திருக்கிறேன். வேலையை வைத்துப் பிரித்தால் பிரிக்கவே முடியாது. பிரிப்பது வேறொன்று: கண்டதற்கு என்ன அர்த்தம் என்று தீர்மானிப்பவர் யார், அந்தத் தீர்மானம் பிழைத்தால் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுபவர் யார் என்பது.

காலை மருந்து கொடுக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவருக்கு, ரோலியைத் தள்ளிக்கொண்டு கட்டில் கட்டிலாகக் குளிசை கொடுக்கும் வேலை. பள்ளிக்கூடப் பிள்ளையும் செய்யலாம் போலிருக்கும். ஆனால் இருதய நோயாளிக்கு டிகொக்சின் கொடுக்குமுன் நாடித் துடிப்பை எண்ண வேண்டும். அறுபதுக்குக் கீழே இறங்கியிருந்தால் குளிசையை நிறுத்தி வைத்து டொக்டருக்கு அறிவிக்க வேண்டும். இன்சுலின் குத்துமுன் சாப்பாடு வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று ரிக்கற்றின் மூலையில் சிவப்பு மையில் எழுதியிருப்பதைக் காணாமல் ஊசியை ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் ஆள் போய்விடலாம். டொக்டர் எழுதியதே பிழையாக இருந்தால் அதைக் கண்டுபிடித்துத் திரும்பக் கேட்பதும் தாதியின் வேலை. "டொக்டர்தானே எழுதினவர்" என்று சொல்லித் தப்ப முடியாது. மூன்று வருடப் பயிற்சி என்பது ஊசி குத்தப் பழகுவதற்கு அல்ல. குத்துவதற்கு மூன்று நாள் போதும். எப்போது குத்தக்கூடாது என்பதற்குத்தான் மிச்சக் காலம் முழுவதும்.

அதனால்தான் உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படித்து வந்தவர்களை எடுத்து, தாதியர் பயிற்சிக் கல்லூரியில் மூன்று வருடம் வைத்துப் பழக்குகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இப்போது தாதியியல் பட்டப்படிப்பும் இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலங்கைத் தாதியர் பேரவைச் சட்டம் தாதியருக்கு ஒரு பதிவேட்டை உண்டாக்கியது. பதிவு என்றால் சுவரில் மாட்டும் சான்றிதழ் அல்ல. என் பெயர் ஒரு புத்தகத்தில் இருக்கிறது, நான் பெரிய பிழை செய்தால் அதை அதிலிருந்து வெட்டலாம் என்பதுதான் அதன் பொருள். வெட்டக்கூடிய பெயர் ஒன்று இருப்பதுதான் நோயாளிக்குக் காவல்.

சிற்றூழியருக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை. அதனால் அவர்களுடைய வேலை இலேசானது என்று நினைக்க வேண்டாம். இரத்த மாதிரியை ஆய்வுகூடத்துக்கு ஓட்டமாகக் கொண்டுபோவது, ஒட்சிசன் சிலிண்டரை உருட்டி வருவது, சத்தி எடுத்த கட்டிலைத் துப்புரவாக்குவது, செத்தவரைக் கழுவி வெள்ளைத் துணி சுற்றுவது, நடுச்சாமத்தில் அழும் கிழவியின் கையைப் பிடித்துக்கொண்டு இருப்பது எல்லாம் அவர்கள்தான். நோயாளி டொக்டருக்குச் சொல்லாததை எனக்குச் சொல்வார். எனக்குச் சொல்லாததை அட்டென்டனுக்குச் சொல்வார். குடி விசயம், வீட்டுச் சண்டை, மருந்தை ஜன்னலால் எறிந்த கதை எல்லாம் அவர்கள் வழியாகத்தான் எனக்கு வந்தன.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்னோர் ஆஸ்பத்திரியில் நல்ல மனமுள்ள ஓர் அட்டென்டன் தம்பி இருந்தார். சுருட்டுக் குடித்துச் சுவாசப்பை கெட்ட ஒரு ஐயா மூச்சு வாங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒட்சிசனைக் கூட்டித் திறந்துவிட்டார். ஐயா இளைப்பாறினார், பிறகு தூங்கினார். நல்ல தூக்கம் என்று தம்பிக்குத் திருப்தி. நான் சுற்றி வந்தபோது அந்தத் தூக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. தட்டினேன், எழும்பவில்லை. வருடக்கணக்காகக் கெட்டுப்போன சுவாசப்பை உள்ள சிலருக்கு ஒட்சிசன் அளவுக்கு மிஞ்சினால் உடம்பில் காபனீரொட்சைட்டு சேர்ந்து மயக்கத்தில் தள்ளிவிடும். ஆளைக் காப்பாற்றியாயிற்று. தம்பிக்கு மேலிடத்தில் நல்ல ஏச்சு. எனக்கு மனம் ஆறவில்லை. அந்தத் திருகியைத் தொடாதே என்று அவரிடம் எல்லோரும் சொல்லியிருக்கிறோம், ஏன் தொடக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்த வாட்டுக்குப் போனாலும் புதிதாக வரும் சிற்றூழியருக்கு அரை மணித்தியாலம் ஒதுக்கி, கட்டில் கட்டிலாகக் கூட்டிப்போய்க் காட்டுவேன். இதைத் தொடலாம், இதைத் தொடக்கூடாது, இன்னதைக் கண்டால் உடனே என்னைக் கூப்பிட வேண்டும். சில தாதியர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

என் தொழிலில் உள்ளவர்களுக்கு இது பிடிக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். "அது எங்கட வேலையில்லை" என்பது வாட்டுகளில் அடிக்கடி கேட்கும் வசனம். நோயாளியைத் துடைப்பது எங்கட வேலையில்லை. பிரட்டிப் படுக்க வைப்பது எங்கட வேலையில்லை. ஆள் குறைவு என்பது உண்மைதான். 2022 பொருளாதார நெருக்கடியின்போது அரச ஊழியர் சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்தது. தாதியரும் போனார்கள். மிஞ்சியவர்களுக்கு எழுத்துவேலையே பாதி நாளைத் தின்கிறது. ஆனாலும் நோயாளியின் முதுகை ஒருநாளாவது தானே துடைத்துப் பார்க்காத தாதி, அந்த முதுகைப் பற்றி எதை எழுதப் போகிறா? துடைப்பதை அடுத்தவரிடம் ஒப்படைக்கலாம். பார்ப்பதை ஒப்படைக்க முடியாது.

வன்னிக்கு இந்த விசயத்தில் ஒரு தனிக் கணக்கு உண்டு. இறுதி யுத்தம் நடந்த 2009இன் முதல் மாதங்களில் நான் அந்தப் பக்கம் நிற்கவில்லை. அதனால் சாட்சி சொல்ல எனக்கு உரிமை இல்லை. அங்கிருந்து வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். மருந்தும் கட்டுத்துணியும் தட்டுப்பாடாகிப்போன அந்த இடங்களில், பயிற்சி முடித்த தாதியர் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். மிச்ச வேலையைச் செய்தவர்கள் தொண்டர்களாக வந்த பெடியன்களும் பெட்டையளும். அங்கே யார் தாதி, யார் உதவியாளர் என்று கேட்க நேரம் இருக்கவில்லை. சத்தியமூர்த்தி, வரதராஜா, சண்முகராஜா என்று டொக்டர்மாரின் பெயர்கள் உலகத்துக்குத் தெரியும். காயத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளைகளின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்?

யுத்தம் முடிந்த பிறகும் வடக்கில் சுகாதாரத் தொண்டர் என்ற பெயரில் பலர் வருடக்கணக்கில் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்தார்கள். நிரந்தர நியமனம் கேட்டு யாழ்ப்பாணத்தில் ஆளுநர் அலுவலகத்தின் முன்னால் நாட்கணக்கில் இருந்து போராடினார்கள். தொண்டர் என்பது நல்ல சொல்தான். கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தலில் நிற்பவரை அப்படிச் சொல்லலாம். பத்து வருடம் வாட்டு கழுவியவரைத் தொண்டர் என்று சொல்வது, சம்பளம் கொடுக்காததற்கு வைத்த மரியாதையான பெயர்.

இனி மாங்குளத்துக்கு வருகிறேன். நான் இப்போது இங்கேதான் இருக்கிறேன். ஓய்வுபெற்றவளுக்கு வேலை இல்லை என்று சொல்வார்கள்; எனக்கு ஒட்டுசுட்டான் வீதியில் மூன்று வீடுகள் இருக்கின்றன. மூன்றிலும் செல்லடியிலோ சன்னத்திலோ முள்ளந்தண்டு வடம் அறுந்து இடுப்புக்குக் கீழே இயங்காதவர்கள். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே கூடி நடத்தும் 'உயிரிழை' அமைப்பு இந்த மாங்குளத்தில்தான் இருக்கிறது. அப்படியொரு அமைப்பு இங்கே ஏன் தேவைப்பட்டது என்று வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நெதர்லாந்து நாட்டு உதவியோடு கட்டிய விசேட புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையமும் 2024 மே மாதம் மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் திறக்கப்பட்டது. புனர்வாழ்வு என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் ஒரு கணம் திடுக்கிடுவார்கள். அந்தச் சொல்லுக்கு 2009க்குப் பிறகு இங்கே தடுப்பு முகாமின் முட்கம்பி வேலி போட்ட வேறோர் அர்த்தம் இருந்தது. அதை மருத்துவம் திரும்ப எடுத்துக்கொண்டதில் எனக்குச் சந்தோசம்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாத ஒருவரைக் கொல்வது அநேகமாக அந்தக் காயம் அல்ல. படுக்கைப் புண்ணும் சலக்கிருமியும்தான். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலானோர் சில வருடங்களுக்குள் இறந்துபோவார்கள் என்றே வைத்தியர்கள் கைவிட்டிருந்தார்கள். 1944 பெப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற யூத அகதி வைத்தியர் ஒரு விடுதியைத் தொடங்கினார். அவர் புது மருந்து ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. இரவு பகல் என்று பாராமல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் பிரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று கட்டளை போட்டார். பிரட்டியது தாதியரும் ஓடலிகளும். ஆட்கள் சாகாமல் இருந்தார்கள். இன்று உலகம் பார்க்கும் பராலிம்பிக் போட்டிகளின் வேர் 1948இல் அந்த ஆஸ்பத்திரிப் புல்வெளியில் நடந்த அம்பெய்தல் போட்டி.

ஒட்டுசுட்டான் வீதியில் அந்தப் பிரட்டும் வேலையைச் செய்வது மனைவிமார், தாய்மார், ஒரு வீட்டில் பதினாறு வயது மகள்.

ஒரு வீட்டுத் தங்கச்சியைச் சொல்ல வேண்டும். கணவனுக்கு நெஞ்சு மட்டத்தில் வடம் அறுந்தது. ஒருநாள் விடியப்புறம் அவருக்குத் திடீரென்று தலை வெடிக்கிறமாதிரி இடி, முகம் சிவந்து நெற்றியெல்லாம் வியர்வை. அக்கம்பக்கத்தில் ஒருவர் பனடோல் கொடுக்கச் சொன்னார், இன்னொருவர் காலைத் தூக்கிவைத்துப் படுக்கப் போடச் சொன்னார். தங்கச்சி இரண்டையும் கேட்கவில்லை. ஆளை நிமிர்த்தி இருத்தி, இடுப்புத் துணியைத் தளர்த்தி, கத்தீற்றர் ரியூப்பைத் தடவிக்கொண்டே போனா. தொடைக்குக் கீழே ரியூப் மடிபட்டுக் கிடந்தது. நிமிர்த்திவிட்டதும் பை நிரம்பிற்று, தலையிடி இறங்கிற்று. நெஞ்சில் ஆறாவது முள்ளெலும்புக்கு மேலே அடிபட்டவர்களுக்குச் சலப்பை அடைத்துக்கொண்டால் பிறசர் இப்படி உச்சத்துக்கு ஏறும், மூளையில் இரத்தம் கசிந்து சாகவும் கூடும். இதை நான் அவவுக்குச் சொல்லிக் கொடுத்து ஐந்தாறு மாதம் இருக்கும். அந்த நேரம் நான் மாங்குளத்தில் நித்திரை. நான் அறிந்து ஆட்டோ பிடித்துப் போய்ச் சேரும்வரை அந்த மனுசன் தாங்கியிருப்பாரோ தெரியாது.

ஊர் அவவை இப்போது "சின்ன மிஸி" என்கிறது. பகிடியாகத்தான். ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. அவ மிஸி இல்லை. மிஸிக்கு எட்டு மணித்தியால வேலை முடிந்தால் வீடு இருக்கிறது, மாதம் முடிந்தால் சம்பளம், அறுபதில் பென்சன். இவவுக்கு ஒன்றும் இல்லை. தான் செய்யும் வேலைக்குச் சொந்தமாக ஒரு பெயர்கூட இல்லாதபடியால்தான் என்னுடைய பெயரில் பாதியை வெட்டிக் கொடுக்கிறார்கள். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய நூலுக்குத் தாதிப்பணி பற்றிய குறிப்புகள் என்று பெயர். ஆனால் அது தாதியருக்காக எழுதியது அல்ல, வீட்டில் நோயாளியைப் பார்க்கும் சாதாரணப் பெண்களுக்காக எழுதியது. அடுத்த வருடம்தான் லண்டனில் தாதியர் பள்ளியைத் தொடங்கினார். இரண்டும் இரண்டு விதமான அறிவு, இரண்டுக்கும் படிப்பு வேண்டும் என்று அந்த அம்மா அப்போதே கண்டிருக்கிறார்.

என் தமக்கையின் மகன் பிரித்தானியாவில் 'கெயார்' வேலை செய்கிறான். 2022 பெப்ரவரியில் அந்த நாடு பராமரிப்பு வேலைக்கு விசாவைத் திறந்துவிட்டபோது, ஏஜென்சிக்குக் காணி விற்றுக் காசு கட்டிப் போனவர்களில் ஒருவன். 2024 மார்ச்சில் மனைவி பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது என்றார்கள். 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். காணி விற்ற கதை வேறொரு நாளைக்கு. அவன் போனில் சொன்னது ஒன்றுதான் இங்கே தேவை. அவன் பார்க்கும் பாட்டியின் இடுப்பில் தோல் நிறம் மாறியிருந்தால், அவன் அதை உடம்புப் படம் ஒன்றில் குறித்து, நேரம் எழுதி, வீடுகளுக்கு வரும் தாதிக்கு அறிவிக்க வேண்டும். மருந்து பூசக்கூடாது. "நான் கண்டதை எழுதாட்டி எனக்குப் பிரச்சினை சித்தி. நான் எழுதினதை அவ வந்து பார்க்காட்டி அவவுக்குப் பிரச்சினை" என்றான். எனக்கு உடனே பெரியக்காவின் ஞாபகம். அவருக்கு அப்படி ஒரு தாள் கொடுத்திருந்தால் அந்த ஐயாவின் குதிக்கால் தப்பியிருக்கும்.

அங்கேயும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பதிவுபெற்ற தாதி என்ற பட்டத்துக்குத்தான் அங்கே சட்டப் பாதுகாப்பு. 'நேர்ஸ்' என்ற வெறும் சொல்லை எவரும் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது. அதையும் சட்டத்துக்குள் கொண்டுவரப் போவதாக 2025 மே மாதம்தான் அரசு அறிவித்தது. ஒரு சொல்லுக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். மாங்குளம் சந்தியில் அந்தப் பிள்ளையைக் கண்ட பிறகு நான் கேட்கமாட்டேன்.

எங்கள் நாட்டிலும் பராமரிப்பாளர் பயிற்சி இருக்கிறது. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழோடு. யாருக்காக? இஸ்ரேலுக்கும் ஜப்பானுக்கும் அனுப்புவதற்காக. ஜப்பானோடு 2019இல் உடன்படிக்கை எழுதியாயிற்று. தெல்அவிவில் ஒரு தாத்தாவைக் குளிப்பாட்ட வன்னிப் பிள்ளைக்கு முறையாகப் பழக்குகிறோம். அவளுடைய சொந்தச் சித்தப்பா ஒட்டுசுட்டானில் படுக்கைப் புண்ணோடு கிடந்தால் அவரைப் பார்க்கச் சம்பளத்துக்கு ஆளில்லை. வீட்டுக்குப் போய்ப் பராமரிப்பதற்கென்று அரச சேவையில் ஒரு பதவியை என் சேவைக்காலம் முழுவதிலும் நான் கண்டதில்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5ஆம் திகதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி என்ற கிராமத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஊர்ப் பெண் ஒருவர் வீடுவீடாகப் போய்ப் பிறசர் பார்த்து, மாதக் குளிசையைக் கொடுக்கிறார். படுக்கையில் கிடப்பவருக்கு நோய்தணிப்புத் தாதி வருகிறார், இயன்முறை வைத்தியர் வருகிறார். அதில் எனக்குப் பிடித்தது ஒன்று. ஊர்ப் பெண்ணை அவர்கள் நேர்ஸ் என்று கூப்பிடவில்லை. அவருக்கு ஒரு தனிப் பெயர், தனி வேலை, கொஞ்சமோ நஞ்சமோ ஒரு ஊக்கத்தொகை. அந்தத் தொகை போதாது என்று அங்கே குறை சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் எங்களிடம் குறை சொல்வதற்கும் ஒரு தொகை இல்லையே.

மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் நான் கேட்பது பெரிய விசயம் அல்ல. மாங்குளத்தில் இருந்தே தொடங்கலாம். சிகிச்சை நிலையக் கட்டடம் இருக்கிறது, முள்ளந்தண்டு வடப் பாதிப்பை அறிந்த ஆட்கள் இருக்கிறார்கள், 'உயிரிழை'யில் தங்கள் உடம்பையே பாடப்புத்தகமாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே இருந்து வீடு திரும்பும் ஒவ்வொருவரின் ஊரிலும் ஒரு பெண்ணையோ ஆணையோ தெரிவு செய்து மூன்று மாதம் பழக்குங்கள். பிரட்டுவது, தூக்குவது, தோல் பார்ப்பது, ரியூப் பார்ப்பது, எழுதுவது. அவருக்குப் பராமரிப்பாளர் என்று பெயர்ப்பட்டி கொடுங்கள், மாதச் சம்பளம் கொடுங்கள். பத்துப் பேருக்கு ஒரு பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தரைப் பொறுப்பாக வையுங்கள். அவர் வாரம் ஒருமுறை போய், எழுதியதை வாசித்து, தானும் பார்த்துக் கையொப்பம் வைக்கட்டும். இப்போது சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கும் மனைவிமாரில் விரும்புகிறவர்களையே முதலில் எடுக்கலாம். அந்தத் தங்கச்சிக்கு மூன்று மாதப் பயிற்சிகூடத் தேவைப்படாது.

தனியார் கிளினிக் நடத்துகிறவர்களுக்கு ஒன்று. உதவியாளரை உதவியாளர் என்றே வைத்திருங்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. வெள்ளை உடுப்பு மலிவு, பதிவுபெற்ற தாதியின் சம்பளம் கூட என்பது எனக்கும் தெரியும். ஆனால் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாத ஒருவருக்கு அந்தப் பிள்ளை ஊசி போட்டு அவர் விழுந்தால், பொலிஸ் முதலில் கூட்டிப்போவது உங்களை அல்ல, அவளை.

வாசிக்கும் உங்களுக்கும் ஒன்று. அடுத்த முறை உங்களுக்கு ஊசியோடு வருபவரிடம், "பிள்ளை, பேரவைப் பதிவு இருக்கோ?" என்று கேளுங்கள். அது மரியாதைக் குறைவு அல்ல. பதிவு இருப்பவள் கோபிக்கமாட்டாள். முப்பது வருடத்துக்கு மேல் எத்தனை ஆயிரம் பேருக்கு ஊசி போட்டிருப்பேன், என்னிடம் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை.